கணினி அறையில் தமிழ் வகுப்பு: திரைக்குப் பின்னால் இருக்கும் மாணவர் முகத்தை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: சுவடிக்கட்டு

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில், அரசு உதவி பெறும் கலைக் கல்லூரியின் தமிழ்த்துறையில் பதினான்கு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். மாணவர்களுக்கு இன்றும் நான் ‘தமிழம்மா’தான். இத்தனை ஆண்டுகளும் கையில் சுண்ணக்கட்டி, முதுகுக்குப் பின்னால் கரும்பலகை, எதிரே வரிசையாக முகங்கள் என்றே வகுப்பெடுத்துப் பழகியவள். இளங்கலை இரண்டாம் ஆண்டுக்குரிய ‘கணினித் தமிழ்’ தாளை இந்தப் பருவத்திலிருந்து கணினி ஆய்வகத்திலேயே நடத்த வேண்டும் என்று முடிவு செய்து, செவ்வாயும் வியாழனும் பிற்பகலில் இரண்டிரண்டு பாடவேளைகளைச் சேர்த்து ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 34 கணினிகள். அவற்றில் ஓடுபவை 29. மாணவர்கள் 54 பேர். பேருந்து இருக்கைகளைப் போல மேசைகள் எல்லாம் முன்பக்கம் பார்த்து வரிசையாகப் போடப்பட்டிருப்பதால், நான் நிற்கும் இடத்திலிருந்து திரைகளின் முதுகும் அவற்றுக்கு மேலே சில நெற்றிகளும் மட்டுமே தெரிகின்றன. வகுப்பறையில் ஒரு பிள்ளைக்குப் பாடம் புரியவில்லை என்பதைப் புருவத்தைப் பார்த்தே கண்டுகொள்வேன். இங்கே அந்த வழி அடைபட்டுவிட்டது.

முதல் நாள் தமிழ் 99 விசைப்பலகையிலிருந்து தொடங்கினேன். உயிரெழுத்துகள் பெரும்பாலும் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் இருப்பதையும், ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகளைத் தட்டினாலே போதும், இரண்டாம் மகரம் வந்தவுடன் முதல் மகரத்தின் தலையில் புள்ளி தானாக விழுந்துவிடும் என்பதையும் நல்ல உற்சாகத்தோடு விளக்கினேன். விளக்கி முடித்து வரிசைக்குள் நடந்து பார்த்தால், பாதிப் பேருக்கு விசைப்பலகையே மாறியிருக்கவில்லை. சிலர் கைப்பேசியில் பழகிய ஒலிபெயர்ப்பு முறையிலேயே, அதாவது தமிழ் ஒலியை ஆங்கில எழுத்துகளில் அடிக்கும் முறையிலேயே, அடித்துவிட்டு முடித்தோம் என்று உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு மாணவி ஊரிலிருந்து பென் டிரைவில் கொண்டுவந்த பழைய கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, “அம்மா, இது இங்கிலீஷாவே வருது” என்று திகைத்து நின்றாள். அவளுக்குப் பத்து நிமிடம் செலவிட்டுவிட்டுத் திரும்புவதற்குள் முன்வரிசையில் கிரிக்கெட் ஸ்கோர் ஓடிக்கொண்டிருந்தது.

இத்தகைய அறையில் விரிவுரை என்ற ஒன்றுக்கு இடம் உண்டா? நான் பேசும் நேரத்தில் கணினிகளை அணைத்து வைக்கச் சொல்வது பிற்போக்கு ஆகிவிடுமா? 54 பேரை 29 கணினிகளில் எப்படிப் பிரிப்பது? பாடவேளை முடிவில் ‘புதிய ஆவணம்’ என்ற ஒரே பெயரில் வந்து குவியும் கோப்புகளை வைத்துக்கொண்டு யார் எதைக் கற்றார் என்று எப்படி அறிவது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: அரைப்புள்ளி

வணக்கம் அம்மா. பொறியியல் கல்லூரியில் நிரலாக்க ஆய்வகம் நடத்துகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். கேள்வியைப் படித்தபோது என் முதல் ஆண்டு அப்படியே கண்முன் வந்து நின்றது. திரையை அணைக்கச் சொல்வது பிற்போக்கு இல்லை. நான் ஒவ்வொரு வகுப்பிலும் அதைச் செய்கிறேன். கணினியை நிறுத்த வேண்டாம், மானிட்டரின் பொத்தானை மட்டும் அழுத்தச் சொல்லுங்கள். அணைக்கவும் மீண்டும் உயிர்ப்பிக்கவும் ஒரு நொடிதான் ஆகும்.

கனடாவில் மூன்று ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதில் எனக்குத் துணிவு தந்தது. விரிவுரையின்போது மடிக்கணினியில் வேறு வேலைகளையும் பார்த்த மாணவர்களின் மதிப்பெண் 11 விழுக்காடு குறைந்தது. அது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் தாம் எதையும் தொடாமல், அவர்களுடைய திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்த மற்றவர்களின் மதிப்பெண் 17 விழுக்காடு குறைந்தது. உங்கள் முன்வரிசையில் ஓடிய கிரிக்கெட் ஸ்கோர், பார்த்தவனைக் காட்டிலும் பின்வரிசையைத்தான் அதிகம் கெடுத்திருக்கும்.

இரண்டாவதாக, பேச்சைத் துண்டு துண்டாக்குங்கள். வகுப்பறையில் நாற்பது நிமிடம் தொடர்ந்து பேசலாம். ஆய்வகத்தில் ஏழு நிமிடத்தைத் தாண்டினால் ஒருவரும் உங்களோடு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செய்தியைச் சொல்லி, அதை அப்போதே செய்ய வைத்து, எல்லோரும் செய்து முடித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். நீங்கள் முதல் நாளில் விசைப்பலகை மாற்றுவது, எழுத்துகளின் இடம், புள்ளி விழும் விதி ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். முதலாவதிலேயே நின்றுவிட்டவர்களுக்கு மற்ற இரண்டும் காற்றில் போயின.

மூன்றாவது, நிற்கும் இடம். முன்னால் நிற்காதீர்கள், அறையின் பின்சுவரில் சாய்ந்து நில்லுங்கள். முகம் தெரியாது என்றாலும் எல்லாத் திரைகளும் ஒரே பார்வையில் தெரியும், ஆய்வகத்தில் திரைதான் புருவம். ப்ரொஜெக்டரை இயக்க முன்மேசையில் ஒரு மாணவரை உட்கார வைத்துப் பின்னாலிருந்து சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடமே வகுப்பு முழுவதும் தடுமாறும் இடம் என்பதால், உங்கள் வேகமும் தானாகக் குறையும்.

வேயான் என்ற கட்டற்ற மென்பொருள் ஒன்று இருக்கிறது. முன்பு வேறு பெயரில் இருந்து 2017-இல் இந்தப் பெயருக்கு மாறியது. ஆசிரியர் கணினியிலிருந்து எல்லாத் திரைகளையும் பார்க்கவும், உங்கள் திரையை அவர்கள் அனைவருக்கும் காட்டவும், தேவைப்பட்டால் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் பூட்டவும் முடியும். செலவு ஏதும் இல்லை.

கோப்புப் பெயர் விஷயத்தில் இரக்கம் காட்டாதீர்கள். பதிவெண், அடிக்கோடு, பயிற்சி எண் என்று பெயரிடாத கோப்பைத் திறக்கவே மாட்டேன் என்று முதல் வாரத்தில் சொல்லி, இரண்டாம் வாரத்தில் அப்படியே நடந்து காட்டினால், மூன்றாம் வாரத்தில் அந்தச் சிக்கல் இருக்காது.

பதில்: வட்டமேசை

நண்பர் அரைப்புள்ளி சொன்னவற்றில் பேச்சைத் துண்டாக்குவதும் பின்சுவரும் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் பூட்டும் மென்பொருளில் எனக்கு உடன்பாடு இல்லை. இருபது வயதுப் பிள்ளைகளின் திரையைப் பூட்டி வைத்துக் கவனத்தைப் பெறுவது, வாயிற்கதவைப் பூட்டி வருகைப்பதிவை உயர்த்துவது போலத்தான். மேலும், கணினியும் கற்றலும் பற்றிய ஆய்வு முடிவுகளை அளந்து நம்ப வேண்டும். கையால் குறிப்பெடுப்பவர்கள் மடிக்கணினியில் குறிப்பெடுப்பவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று 2014-இல் வந்த ஆய்வு உலகம் முழுவதும் பேசப்பட்டது. 2019-இல் வேறு ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. 29 கணினிக்கு 54 பேர் என்பதைப் பற்றாக்குறையாக மட்டும் பார்க்கிறீர்கள். நான் இயற்பியல் ஆசிரியன். எங்கள் துறையில் நன்கு அறியப்பட்ட ஒரு முறை அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பெய்க்னர் என்ற பேராசிரியரின் முயற்சியில் உருவானது. வகுப்பறையில் ஏழு அடி விட்டமுள்ள வட்ட மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒன்பது மாணவர்கள், மும்மூன்று பேராக மூன்று குழுக்கள். குழுவுக்கு ஒரு மடிக்கணினி. ஆளுக்கொன்று வாங்கப் பணம் இல்லாமல் அப்படிச் செய்யவில்லை. மூவருக்கு ஒன்று என்றால்தான் ஒருவரோடு ஒருவர் பேசுவார்கள், திரையில் நடப்பதைப் பற்றி வாக்குவாதம் செய்வார்கள் என்பதற்காகவே அப்படி அமைத்தார்கள். மேசையின் அளவைக்கூடச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. வெவ்வேறு அளவுகளில் சோதித்துப் பார்த்துத்தான் ஏழடிக்கு வந்தார்கள். அறையில் மேடை கிடையாது, ஆசிரியர் மேசைகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டே இருப்பார்.

உங்கள் ஆய்வகத்தில் வட்ட மேசை வராது. எங்கள் கல்லூரியில் மேசைகளைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கி வைத்திருக்கிறார்கள். யார் எங்கே தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று அச்சமோ தெரியவில்லை. ஆனால் மூவர் முறைக்கு மேசையை நகர்த்தத் தேவையில்லை. 54 பேரை மும்மூன்றாகப் பிரித்தால் 18 கணினிகள் போதும். ஒருவர் விசைப்பலகையில், ஒருவர் திரையைப் பார்த்துப் பிழை சொல்பவர், ஒருவர் நடப்பதைத் தாளில் எழுதுபவர். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். மூவர் பேசிக்கொண்டிருந்தால் அவர்களுடைய முகம் திரையைவிட்டு ஒருவரை ஒருவர் நோக்கித் திரும்பும். நீங்கள் தேடும் புருவம் அப்போது பக்கவாட்டிலாவது தெரியும்.

பதில்: பனையோலை

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், நானும் மொழித்துறைக்காரன்தான். அறை, கதிரை, கணினி எல்லாவற்றையும் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். பாடத்தைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்த மாணவி காட்டிய கோப்பை நீங்கள் இடையூறாக எண்ணிவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. எனக்கு அந்தக் கோப்பு கிடைத்திருந்தால் அன்றைய திட்டத்தை மூடி வைத்துவிட்டு அதையே பாடமாக்கியிருப்பேன்.

அது அனேகமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பாக இருக்கும். எங்கள் பக்கத்தில் பாமினிதான் நெடுங்காலம் ஆண்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் காட்சி தரும். ழகரத்தின் மேலிருக்க வேண்டிய புள்ளிதான் அந்த அரைப்புள்ளி. கணினி சேமித்து வைத்தது ஆங்கில எழுத்தின் எண்ணை, எழுத்துரு அதன்மேல் போர்த்தியது தமிழ் உருவத்தை. போர்வையை எடுத்ததும் உள்ளே இருந்தது தெரிந்துவிட்டது. ஒருங்குறியில் (யூனிகோடில்) தமிழுக்கென்று தனி எண்கள் இருக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விரிவுரையும் சொல்லாது. தமிழ்நாட்டு அரசு 1999-இல் தமிழ் 99-ஐயும் 2010-இல் ஒருங்குறியையும் ஏற்றுக்கொண்ட வரலாற்றை அதற்குப் பிறகு சொல்லுங்கள். ஏன் அந்த முடிவுகள் தேவைப்பட்டன என்பது பிள்ளைகளுக்கு அப்போதுதான் பிடிபடும்.

நான் வழக்கமாகச் செய்யும் இரண்டு பயிற்சிகளைச் சொல்கிறேன். முதலாவது, ‘ஔவையார்’ என்று எல்லோரையும் தட்டச்சு செய்யச் சொல்வேன். சிலர் ஔகாரத்தை ஒரே எழுத்தாக இடுவார்கள், சிலர் ஒகரத்தை அடித்துப் பக்கத்தில் ளகரத்தை வைப்பார்கள். திரையில் இரண்டும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுதான். பிறகு எல்லாருடைய சொற்களையும் ஒரே பட்டியலில் சேர்த்துத் தேடச் சொன்னால் பாதி ஔவையாரைக் காணோம். அகர வரிசைப்படுத்தினால் ஒருவர் ஓகாரத்துக்கு முன்னால் நிற்பார், மற்றவர் பின்னால் நிற்பார். வகுப்பு சிரித்து முடிப்பதற்குள் பாடம் உள்ளே போயிருக்கும்.

இரண்டாவது, மதுரைத் திட்டத்தின் திருக்குறள் கோப்பு. 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கும் அந்தக் களஞ்சியத்தை மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 1330 குறளிலும் ‘அறம்’ எத்தனை இடத்தில் வருகிறது என்று கேட்பேன். தேடல் ஓர் எண்ணைச் சொல்லும், எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். பிறகு “அறத்தான் வருவதே இன்பம்” அதில் சேர்ந்ததா, “அறனெனப் பட்டதே இல்வாழ்க்கை” சேர்ந்ததா என்று கேட்டால் முகம் மாறும். அத்துச் சாரியையும் (அறம் ‘அறத்து’ ஆவது) மகர னகரப் போலியும் (அறம் ‘அறன்’ ஆவது) இலக்கண வகுப்பில் மனப்பாடமாகக் கிடந்தவை. இங்கே அவை எண்ணிக்கையைப் பொய்யாக்கும் காரணங்களாக எழுந்து வருகின்றன. யாராவது கெட்டிக்காரர் ‘அற’ என்று மட்டும் தேடினால் பல மென்பொருள்களில் ‘அறிவு’ம் சேர்ந்து வந்துவிடும், ஏனென்றால் கணினிக்கு ‘றி’ என்பது றகரமும் அதன்பின் வரும் இகரக் குறியும்தான். அந்த இடத்தில் நன்னூலையும் ஒருங்குறி அட்டவணையையும் அருகருகே வைத்துப் பேசலாம்.

இந்தப் பயிற்சியை முதலில் தாளில் செய்ய வையுங்கள் என்பதே என் வேண்டுகோள். அறம் என்ற சொல் என்னென்ன வடிவங்களில் வரக்கூடும் என்று கணினியைத் தொடுமுன் பத்து நிமிடம் எழுதட்டும். எங்களுக்கு இந்தப் பழக்கம் மின்வெட்டால் வந்தது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்தது. ஆய்வுகூடத்தில் இருட்டுத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து தாளில்தான் பாடம் நடத்தினேன். மின்சாரம் வந்த பிறகும் அந்தப் பத்து நிமிடத்தை நான் விடவில்லை.

பதில்: யு.பி.எஸ். பேட்டரி

நான் பேராசிரியர் இல்லை மேடம், ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். பேராசிரியர்கள் யாரும் எழுதாத சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பல ஆய்வகங்களில் டீப் ஃப்ரீஸ் போன்ற ஒரு மென்பொருளைப் போட்டு வைத்திருப்பார்கள். மாணவர் என்ன செய்தாலும் கணினியை மறுபடி இயக்கியவுடன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வைரஸைத் தடுக்க நல்லது; ஆனால் டெஸ்க்டாப்பில் சேமித்த கோப்பும் போய்விடும், நீங்கள் சேர்த்துக் கொடுத்த தமிழ் விசைப்பலகையும் போய்விடும். உங்கள் மாணவர் பாதிப் பேருக்கு விசைப்பலகை மாறாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆய்வகப் பொறுப்பாளரிடம் ஒரு நாள் முன்னதாகச் சொல்லி, அந்தப் பூட்டைத் திறந்து, எல்லாக் கணினியிலும் தமிழ் 99-ஐச் சேர்த்து மறுபடி பூட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில் அது உள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். கோப்புகளைச் சேமிக்க சர்வரில் ஒரு பொது ஃபோல்டரோ மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளமோ கேளுங்கள்.

பிற்பகல் வகுப்பு என்கிறீர்கள். 29 கணினியும் ஏ.சி.யும் ஒன்றாக ஓடும்போது பழைய யு.பி.எஸ். தாங்காது. மின்சாரம் போனால் ஐந்து நிமிடம் நிற்கும் என்று நம்ப வேண்டாம். போனவுடன் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

மானிட்டர் பொத்தானை அணைக்கச் சொன்ன பேராசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: வகுப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப ஆன் செய்யச் சொல்லுங்கள் சார். அடுத்த வகுப்பு வந்து “சிஸ்டம் ஓடல” என்று வரிசையாகப் புகார் எழுதுவார்கள், நாங்கள் போய்ப் பார்த்தால் திரை மட்டும்தான் அணைந்திருக்கும்.

சுவடிக்கட்டு (மூன்று வாரங்களுக்குப் பின்)

எழுதிய அனைவருக்கும் நன்றி. யு.பி.எஸ். பேட்டரி சொன்னதுதான் முதலில் பலித்தது. எங்கள் ஆய்வகத்திலும் அப்படி ஒரு பூட்டு இருந்திருக்கிறது. முதல் நாளில் நான் மாணவர்களைக் கடிந்துகொண்டதற்கு அடுத்த வகுப்பில் வருத்தம் தெரிவித்தேன்.

மூவர் முறையை எடுத்துக்கொண்டேன். விசை, கண், ஏடு என்று மூன்று வேலைகளுக்கும் பிள்ளைகளே பெயர் வைத்துவிட்டார்கள். 18 கணினிகள்தான் ஓடுகின்றன. வெப்பமும் இரைச்சலும் குறைந்தன. வேயானை நிறுவவில்லை, பின்சுவரே போதுமானதாக இருக்கிறது. ஔவையார் பயிற்சியில் பதினெட்டுக் குழுக்களில் ஏழு குழுக்கள் ளகரம் போட்டிருந்தன. அறத்தைத் தேடிய நாளில் இரண்டே முக்காலுக்கு மின்சாரம் போனது. ஏட்டில் சொல்வடிவங்களை எழுதி வைத்திருந்ததால் ஒருவரும் எழுந்து போகவில்லை, ‘அறவாழி’யைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற சண்டை மின்சாரம் வரும்வரை நடந்தது.

கைகூடாததையும் சொல்ல வேண்டும். வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்தவர்கள் விசைப்பலகையை விட்டுத்தர மறுக்கிறார்கள். பதினைந்து நிமிடம் முடிந்து மணி அடித்தாலும், “இந்த வரியை முடிச்சிர்றேன்மா” என்கிறார்கள். பல குழுக்களில் ஏடு எழுதுபவர் மூன்று வாரமாக ஏடுதான் எழுதுகிறார். பருவ இறுதிச் செய்முறைத் தேர்வோ ஆளுக்கொரு கணினியில் தனித்தனியாக நடக்கும். அப்போது ஏட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள் என்பதே இப்போது என் கவலை.

பதில்: வட்டமேசை

மணி அடித்ததும் ஆள் மாறச் சொல்லாதீர்கள், கோப்பை மூடச் சொல்லுங்கள். அடுத்த பயிற்சியைப் புதிய கோப்பில், ஏட்டுக்காரரின் பதிவெண்ணில்தான் தொடங்க வேண்டும் என்று வைத்துவிட்டால், தம் பெயரில் மதிப்பெண் வரும் கோப்பை அவரே பிறருக்கு விட்டுக்கொடுக்க மாட்டார். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மூவர் முறையை நிறுத்திவிட்டு, இருபத்தேழு இருபத்தேழாக இரண்டு பேட்ச் வைத்துத் தனித்தனியாகப் பழக்குங்கள்.

பதில்: யு.பி.எஸ். பேட்டரி

27 பேருக்கு 29 கணினி என்றால் இரண்டு உபரி. தேர்வன்று அந்த இரண்டையும் தமிழ் 99 தயாராக வைத்து ஓடவிட்டே வைக்கச் சொல்லுங்கள் மேடம். எப்படியும் ஒரு விசைப்பலகையில் ழகரம் வேலை செய்யாது.